புளி விலைப் பக்கத்தை யார் திறக்கிறார்கள்

சிங்காரம் கொண்டுவந்த அறிக்கை பதினாறு பக்கம். எல்லாப் பக்கமும் கலர். முதல் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு கொண்டை ஊசி வளைவு ஏதுமில்லாமல் நேராக மேலே ஏறிப்போனது. அதன் உச்சியில் கொட்டை எழுத்தில் 18,400 என்று இருந்தது. தன்னுடைய இணையதளத்துக்கு மாதத்தில் வருகிறவர்கள் அத்தனை பேர் என்று சொல்லி, மலை உழவர் நிறுவனத்தின் தலைவர் அர்ச்சுனனின் மேசைமேல் அதை வைத்தார்.

சிங்காரம் சந்தவாசல்காரர். பன்னிரண்டு வருடமாக மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் வந்து புளியும் சாமையும் வாங்கிப் போகிறவர். இந்த முறை அவர் கேட்டது சரக்கு அல்ல. நிறுவனத்தின் இணைய விலாசத்தைத் தன் பேருக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார். இனி யார் அந்த விலாசத்தைத் தட்டினாலும் அவருடைய தளம் திறக்கும். மலைச் சரக்கெல்லாம் அங்கே அடுக்கியிருக்கும். தினமும் காலையில் போடுகிற புளி விலைப் பக்கத்தையும் அவரே போட்டுக்கொள்வார். உங்களுக்கு வேலை மிச்சம், எனக்குப் பேர் மிச்சம் என்றார்.

அவர் போன பிறகு அர்ச்சுனன் அறிக்கையைக் கோகிலவாணி பக்கம் தள்ளினார்.

"பத்து நாள்ல கூட்டம் கீது. இது மெய்யா இன்னான்னு பாத்துச் சொல்லும்மா. நீ சொல்றத வெச்சித்தான் கையெழுத்து."

கோகிலவாணிக்கு இருபத்துமூன்று வயது. நிறுவனத்தில் கணினி வேலை முழுக்க அவளுடையது. தளத்தை இரண்டு வருடத்துக்கு முன் அவளேதான் உருவாக்கினாள். தினமும் விடிவதற்குள் திருப்பத்தூருக்கும் வேலூருக்கும் மண்டிகளுக்குப் போன் போட்டு விலை கேட்டு, ஆறு மணிக்குள் பக்கத்தில் ஏற்றிவிடுவாள். அதனால்தான் அர்ச்சுனன் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு, தான் பெற்ற பிள்ளைக்குத் தானே மார்க் போடுகிற மாதிரி இருந்தது. தளம் போனால் அவளுடைய வேலையில் பாதி போய்விடும். அப்படிப்பட்டவள் சிங்காரத்தின் எண்ணைப் பொய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? முதலில் அவளே நம்புவாளா?

சாயங்காலம் இருநூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் பார்த்ததைப் பென்சிலில் எழுதுவாள். மறுநாள் திரும்பப் பார்த்து, ஒத்துவந்தால்தான் அதன்மேல் பேனா ஓடும். ஒத்துவராவிட்டால் பென்சிலை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுவாள். நோட்டின் முதல் பக்கத்தில், "எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்க்கவும்" என்று எழுதினாள். அதைப் பேனாவிலேயே எழுதினாள்.

வெள்ளி, சனி சாயங்காலங்களில் நிறுவனத்தின் கோடவுன் பின்கட்டில் வகுப்பு நடக்கும். திருப்பத்தூரிலிருந்து வெற்றிச்செல்வன் என்ற ஆசிரியர் ஜீப்பில் வந்து எடுப்பார். அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எஸ்.இ.ஓ. என்று பாடம். யாராவது எதையாவது தேடினால் நம் தளம் முன்னால் வந்து நிற்பதற்கு என்ன செய்ய வேண்டும், யார் யார் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எப்படிப் பார்ப்பது, இதுதான். அடுத்தவர் தளத்துக்குள் நாம் நுழைய முடியாது. ஆனால் வெளியே நின்றே மதிப்பிட்டுச் சொல்கிற கருவிகள் உண்டு. விலாசத்தைக் கொடுத்தால் அதன் வயது, அதை எத்தனை தளங்கள் சுட்டுகின்றன, என்ன தேடி வருகிறார்கள், மாதம் எத்தனை வருகை என்று எல்லாம் கொட்டும். சிங்காரத்தின் அறிக்கையும் அப்படி ஒரு கருவி கொடுத்ததுதான்.

கோகிலவாணி மூன்று கருவிகளை எடுத்துக்கொண்டாள். ஒன்று நாளைக்கு மூன்று கேள்விக்குத்தான் இலவசமாகப் பதில் சொல்லும். இன்னொன்று ஏழு நாள் சும்மா பார்க்க விடும். மூன்றாவது பாதிப் பதிலைச் சொல்லிவிட்டு மீதியை மங்கலாக்கி வைக்கும். நோட்டில் அவற்றின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று அ, ஆ, இ என்றே எழுதினாள்.

சிங்காரத்தின் தளத்துக்கு அ சொன்னது 18,400. ஆ சொன்னது 5,100. இ சொன்னது 1,300.

மறுநாளும் அதேதான். பேனா ஓடியது. ஆனால் எதன்மேல் ஓடியது என்று அவளுக்கே விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டாள். வெற்றிச்செல்வன் கொஞ்சம் யோசித்துவிட்டு, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்துவிடலாம், சராசரி எப்போதும் பாதுகாப்பு என்றார். எட்டாயிரத்து இருநூற்றுச் சொச்சம் வந்தது.

பின்பெஞ்சில் ஜீப் ஓட்டும் சின்னராஜ் உட்கார்ந்திருந்தான். அவனும் இந்த வகுப்பில் படிக்கிறான். "சார், நம்ம வண்டி போற நேரம் இன்னான்னு மூணு பேர கேட்டா ஒருத்தன் ஆறுன்றான், ஒருத்தன் எட்டுன்றான், ஒருத்தன் பத்துன்றான். கூட்டி வகுத்து எட்டுக்கு வந்து நின்னா வண்டி போயிருக்கும் சார்" என்றான்.

வகுப்பு சிரித்தது. வெற்றிச்செல்வனும் சிரித்தார்.

மறுநாள் காலை கோடவுன் முன்னால் கொள்முதல். சிங்காரத்தின் ஆட்கள் எலெக்ட்ரானிக் தராசை இறக்கி வைத்தார்கள். அந்த மலையில் வெளியாள் தராசு வந்தால் முதலில் மூட்டை ஏறாது, சாந்தம்மாள்தான் ஏறுவாள். அவள் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருத்தி, ஐம்பது வயது. முந்தின நாளே துணை சுகாதார நிலையத்தில் எடை பார்த்துவிட்டு வருவாள். அது என்ன காட்டியதோ அதை இதுவும் காட்டினால்தான் புளி மூட்டைக்கு இடம். இது எப்போது தொடங்கிய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. வியாபாரிகளும் கோபித்துக்கொள்வதில்லை.

"நாப்பத்தாறு இருநூறு," என்று எண்ணைப் படித்தான் சிங்காரத்தின் ஆள்.

"சரியா கீது, ஏத்து," என்று இறங்கினாள் சாந்தம்மாள்.

"ஒரு வருசமா அதே வெயிட்டுல கீறியே, வூட்டுல சோறு போடறதில்லையா?" என்றார் சிங்காரம்.

"உன் தராசு கெட்டுப்போவக் கூடாதேன்னு அளவா துன்றேன்."

கோகிலவாணி ரசீதுப் புத்தகத்தோடு அங்கேதான் நின்றிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டுத் தராசையே பார்த்தாள். ரசீதில் ஒரு மூட்டை விட்டுப்போனது. அதைச் சேர்த்து எழுதிக்கொண்டே மனதுக்குள் வேறு கணக்கைப் போட்டாள். மூன்று கருவியையும் இதுவரை மூட்டை வைத்தே பார்த்திருக்கிறாள். எடை தெரிந்த ஒன்றை எதன்மேலும் ஏற்றவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் வெற்றிச்செல்வனை நிறுத்தி ஓர் உதவி கேட்டாள். அவர் இரண்டு தளங்களைப் பராமரித்து வந்தார். ஒன்று திருப்பத்தூரில் அவர் வேலை செய்யும் பயிற்சி மையத்துடையது, மற்றது சந்தவாசலில் ஒரு கல்யாண மண்டபத்துடையது. இரண்டின் உள்கணக்கையும் திறந்து காட்ட முடியுமா? வெளியே நின்று சொல்லும் மதிப்பீடு வேண்டாம், உண்மையில் எத்தனை முறை திறந்தார்கள் என்று தளமே எண்ணி வைத்திருக்கும் கணக்கு வேண்டும். அவர் தயங்காமல் காட்டினார். பயிற்சி மையத்துக்குப் பிப்ரவரியில் 1,150. மண்டபத்துக்கு 480.

மூன்று கருவிகளிலும் அந்த இரண்டையும் ஏற்றினாள். மையத்துக்கு அ 3,900 என்றது, ஆ 800 என்றது, இ 300 என்றது. மண்டபத்துக்கு அ 2,100, ஆ பூஜ்யம், இ 150. சின்னத் தளம் என்றால் அ ஊதிக் காட்டுகிறது, இ அமுக்கிக் காட்டுகிறது, ஆ எப்போது கண்ணை மூடிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இரண்டே தளம் வைத்து இவ்வளவு சொல்லலாமா என்றும் சந்தேகம் வந்தது. அதையும் எழுதினாள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் மூன்றும் ஒத்துப்போயின. எத்தனை பேர் என்பதில் ஆளுக்கொரு பேச்சு. எதைத் தேடி வந்தார்கள் என்பதில் ஒரே பேச்சு. மையத்துக்கு வந்தவர்கள் பயிற்சியைத் தேடித்தான் வந்திருந்தார்கள். சிங்காரத்தின் தளத்துக்கு வந்தவர்களைத் திரும்பப் பார்த்தாள். அமிர்தி அருவிக்கு வழி. அமிர்தியில் பார்வை நேரம். கணியம்பாடியிலிருந்து அமிர்திக்குப் பஸ். அப்படியே கீழே கீழே போனாள். புளி என்ற சொல் முதல் ஐம்பதில் இல்லை.

பழைய பக்கங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இன்னொரு தளத்தில் அந்த விலாசத்தைப் போட்டுப் பார்த்தாள். ஏழு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் சுற்றுலாத் தகவல் தளமாக அதைத் தொடங்கியிருக்கிறார். சிங்காரம் போன வருடம்தான் வாங்கியிருக்கிறார். பழைய அருவிப் பக்கங்களை அப்படியே விட்டு, முன்னால் புளியையும் தேனையும் வைத்திருக்கிறார்.

சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததாலேயே பயமாகவும் இருந்தது. முதல் பக்கத்தைத் திருப்பி, தான் எழுதியதைப் படித்தாள். பிறகு தன்னுடைய தளத்தைத் தராசில் ஏற்றினாள்.

அ பூஜ்யம் என்றது. ஆ எழுபது என்றது. இ போதிய தகவல் இல்லை என்று கைவிரித்தது. அவளுடைய உள்கணக்கு பிப்ரவரிக்கு 2,146 என்று காட்டியது. மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் என்று பொங்கல் முடிந்து நடந்த ஆண்டுக் கூட்டத்தில் அர்ச்சுனன் மேடையில் சொல்லி, எல்லாரும் கை தட்டியிருந்தார்கள். கருவிகள் தேடி வருகிறவர்களை வைத்துக் கணக்குப் போடுகின்றன. மலையில் யாரும் தேடி வருவதில்லை, வாட்ஸ்அப்பில் வந்த விலாசத்தை நேராகத் தட்டுகிறார்கள். அதனால் கருவிகளுக்கு நம் ஆட்கள் தெரியவில்லை. இதுவும் நியாயமாகத்தான் பட்டது. பென்சிலில் எழுதினாள்.

மறுநாள் பேனாவுக்காகத் திரும்பப் பார்த்தபோது, மணிவாரிக் கணக்கையும் திறந்தாள். பிப்ரவரி பதினான்காம் தேதியில் கண் நின்றது. அன்று காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை மலை முழுக்க மின்தடை. மற்ற நாளெல்லாம் பகலில் மணிக்குக் குறைந்தது நான்கு இருக்கும் எண், அந்த ஏழு மணி நேரமும் ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம் என்று கிடந்தது. மின்சாரம் இல்லை என்றால் போன் கொஞ்ச நேரம் வேலை செய்யுமே என்று யோசித்தாள். மற்ற நாட்களைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கும் நான்கு. திருவிழா அன்றும் நான்கு. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, கடிகாரம் மாதிரி.

நாற்காலியிலிருந்து எழுந்து கோடவுன் வாசலுக்குப் போனாள். அங்கே சுவரில் டி.வி. இருந்தது. சரக்கு கொண்டுவருகிறவர்கள் விலை பார்க்க அவளே மாட்டச் சொன்னது. விலைப் பக்கம் பழையதாகிவிடக் கூடாது என்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகத் திறந்துகொள்ளும்படி அமைத்ததும் அவள்தான். ஒரு நாளில் பத்து மணி நேரம், நாற்பது தடவை. இருபத்தெட்டு நாளைக்கு 1,120. மின்தடை நாளில் விட்டுப்போன 28 போக 1,092.

அது போக, விலை ஏறிவிட்டதா என்று அவள் தினமும் தன் போனிலும் ஆபீஸ் கணினியிலும் திறந்து பார்ப்பது இருக்கிறது. தனியாக எண்ணினாள். 412. இரண்டையும் கழித்தாள்.

642.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சிங்காரத்தின் அருவி விஷயம் ஒன்றே போதும், கூட்டம் முடிந்துவிடும். ஆனால் அவருடைய எண்ணைத் தராசில் ஏற்றிவிட்டுத் தன் எண்ணைத் தனியாக மூட்டை கட்டி வைத்தால் அது எந்த ஊர் வழக்கம்? நோட்டில் 2,146க்குப் பக்கத்தில் 642 என்று எழுதி, அந்த இரண்டாவது எண்மேல் மட்டும் பேனாவை ஓட்டினாள்.

கூட்டத்துக்கு இயக்குநர்கள் ஒன்பது பேரும் வந்தார்கள். சிங்காரம் வேட்டி சட்டையில் பளிச்சென்று முன்வரிசையில் உட்கார்ந்தார். கோகிலவாணி எழுந்தாள். அட்டவணை முழுவதையும் சொல்லவில்லை. மூன்று கருவி மூன்று எண் சொன்னது, எடை தெரிந்த இரண்டு தளத்தை ஏற்றிப் பார்த்ததில் எதுவும் சரியாக நிற்கவில்லை, அதனால் பதினெட்டாயிரம் என்பதைப் பொய் என்றும் சொல்ல மாட்டேன், மெய் என்றும் சொல்ல மாட்டேன் என்றாள். சாந்தம்மாள் ஏறுகிற மாதிரி சிங்காரம் அண்ணன் தன் உள்கணக்கைத் திறந்து காட்டினால் தெரிந்துவிடும் என்றாள்.

சிங்காரம் முகம் சுளிக்கவில்லை. அவருக்கே அந்தக் கணக்கைத் திறக்கத் தெரியாது. வேலூரில் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் முதலில் கொஞ்சம் வழவழ என்றது. சிங்காரம் அதட்டியதும் படித்தது. பிப்ரவரியில் மொத்தம் 2,900. அதில் அமிர்திப் பக்கங்கள் 2,700க்கு மேல். புளி, தேன், சாமை மூன்றும் சேர்த்து 31.

"முப்பத்தோராயிரமா?" என்றார் சிங்காரம்.

"முப்பத்தொண்ணுங்க."

சிங்காரம் போனை மடியில் வைத்துக்கொண்டார். அவர் யாரையும் ஏமாற்ற வந்தவராகத் தெரியவில்லை, ஏமாந்து வந்தவராகத்தான் தெரிந்தார்.

"அப்போ ஒரு வருசமா நான் அருவிக்கு வழி சொல்லினு இருந்தேனா?" என்றார்.

"புண்ணியம்தான் போ," என்றாள் சாந்தம்மாள்.

சிரிப்பு அடங்கியதும் அர்ச்சுனன் நிமிர்ந்து உட்கார்ந்து, நம்முடையது இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் இருக்கிறதே, அதையும் சொல் என்றார். கோகிலவாணி நோட்டைத் திறந்தாள். மனப்பாடமாகத் தெரிந்த எண்ணைப் படிக்க அவளுக்கு நோட்டு தேவைப்பட்டது.

"அது தப்புங்கண்ணா. நான் பண்ண தப்பு. வாசல்ல கீற டி.வி. தானா தொறந்துனு இருந்தத நான் எண்ணலைங்க. நான் தொறந்ததும் அதுல சேர்ந்துடுச்சி. அதெல்லாம் போவ அறுநூத்தி நாப்பத்திரெண்டு. அதுவும் பேர் கணக்கு இல்லைங்க, தொறந்த தடவை."

அர்ச்சுனனின் முகம் மாறியது. "மேடையில சொன்னேனேம்மா."

"ஆமாங்கண்ணா."

"டி.வி.யே டி.வி.ய பாத்துனு இருந்துதா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். இந்த முறை சிரிப்பு அவள்மேல் விழுந்தது. ஆனாலும் உட்காரவில்லை. இன்னும் ஒன்று பாக்கியிருந்தது.

அந்த 642இல் புளி விலைப் பக்கம் மட்டும் 590 என்றாள். வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள் அநேகமாக இல்லை. நம் தளத்தாலும் சரக்கு விற்கவில்லை, சிங்காரம் அண்ணன் தளத்தாலும் விற்கவில்லை, அதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் இந்த 590இல் பெரும்பாதி தினமும் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில் மலையில் யாரும் புளி விலை பார்ப்பதில்லை, மாடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். யார் திறக்கிறார்கள் என்று கணக்கு ஊர் பேர் சொல்லும். ஆனால் போனை வைத்துச் சொல்லும் ஊர் சரியாக இருக்காது என்பதால் அதை அவள் நம்பவில்லை. அதனால் வேறொன்றைப் பார்த்தாள். ஜனவரியில் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டு விலையை ஏற்ற எட்டு மணியானது. அன்றைக்கு யார் யார் போன் செய்து கேட்டார்கள் என்று போனிலேயே இருந்தது. நான்கு பேர். நான்கு பேரும் வியாபாரிகள்.

"மொத போன் ஆறு நாப்பதுக்கு வந்துச்சிங்க," என்றாள். யாருடையது என்று சொல்லவில்லை.

எல்லாரும் சிங்காரத்தைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் நெளிந்தார், பிறகு சிரித்துவிட்டார்.

"பாக்காம? நீங்க வேலூர் வெல இன்னான்னு போட்டுட்டு குந்தினு இருப்பீங்க. நான் தெரியாம வந்து கம்மியா கேட்டுட்டு இந்த சாந்தம்மா கிட்ட பேச்சு வாங்கணுமா?"

அர்ச்சுனன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுக் கூட்டத்து மேடையும் கை தட்டலும் அவருக்கு மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கத்த நானே போட்டுக்கறேன்னியே, சிங்காரம்," என்றார் மெதுவாக.

சிங்காரம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். விலைப் பக்கம் கைக்கு வந்தால் வாங்குகிறவனே விலையும் சொல்பவன் ஆகிவிடுவான் என்று அவருக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்ததா, முன்பே தெரியுமா என்று கோகிலவாணியால் சொல்ல முடியவில்லை. அதை அளக்கத் தன்னிடம் கருவி இல்லை என்று விட்டுவிட்டாள்.

பேச்சு நீளவில்லை. விலாசத்தைக் கொடுப்பதில்லை என்று ஒன்பது பேரும் கை தூக்கினார்கள். சிங்காரம் மற்ற வியாபாரிகளைப் போலவே வந்து வாங்கலாம், அவருடைய தளத்திலிருந்து நிறுவனத்தின் தளத்துக்கு ஒரு சுட்டி மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. தீர்மானப் புத்தகத்தை எழுதுவது கோகிலவாணியின் வேலை. மாத வருகை என்ற இடத்தில் எதை எழுதுவது என்று அர்ச்சுனனைப் பார்த்தாள்.

"அறுநூத்தி நாப்பத்திரெண்டே எழுது," என்றார் அவர். "மேடையில அடுத்த தபா ஏறும்போது நானே சொல்லிக்கறேன்."

சாந்தம்மாள் எழுந்து புடவையை உதறினாள். அந்த டி.வி.யை நிறுத்திவிடுவாயா என்று கேட்டாள். நிறுத்த மாட்டேன், கணக்கில் மட்டும் வராமல் பண்ணிவிடுவேன் என்றாள் கோகிலவாணி. அப்படிப் பண்ண முடியும் என்று முந்தின நாள் ராத்திரிதான் கண்டுபிடித்திருந்தாள். இரண்டு முறை சோதித்தும் பார்த்திருந்தாள்.

வெளியே சின்னராஜ் ஜீப்பைக் கிளப்பி வைத்திருந்தான். சிங்காரம் முன்சீட்டில் ஏறி, பதினாறு பக்க அறிக்கையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். கோகிலவாணி கோடவுன் கதவைச் சாத்த வந்தபோது தலையை வெளியே நீட்டினார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கும்மா வெல போடுவ?"

"எப்பவும் போல ஆறுக்குங்க."

"லேட்டாக்கிடாத," என்றார். ஜீப் திரும்பிக் கீழே இறங்கியது.